கரண்ட் பில் போல இன்டர்நெட் பில் வந்தால்? பலருக்குத் தெரியாத 36 மணி நேரக் கணக்கு

[திரையில்: வீட்டுச் சுவரில் மின்சார மீற்றர். சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது.]

உங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்கும் இப்படி ஒரு மீற்றர் பூட்டி, "ஓடிய ஜிபிக்கு மட்டும் காசு கட்டுங்கள்" என்றால் சம்மதிப்பீர்களா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் ஒரு அம்மம்மா, கனடாவில் இருக்கும் பிள்ளைகளோடு வட்ஸ்அப்பில் கதைக்க மட்டும் இன்டர்நெட் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் நாலு பேர் நாலு திரையில் படம் பார்க்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கட்டணமா?

கேள்வி சரி. ஆனால் ஜிபி மீற்றர் அதற்கு மருந்தாகாது. ஏனென்று பார்ப்போம்.

முதலில் மின்சாரம். நீங்கள் ஒரு யூனிட் கூடப் பாவித்தால் எங்கோ எரிபொருள் கூட எரிய வேண்டும்: நுரைச்சோலையில் நிலக்கரி, களனிதிஸ்ஸவில் எண்ணெய். இன்டர்நெட்டில் ஒரு ஜிபி கூட ஓடினால் என்ன எரிகிறது? அநேகமாக ஒன்றுமே இல்லை. கண்ணாடி இழைக்குள் லேசர் ஒளி நீங்கள் தூங்கினாலும் எரிந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் ரவுட்டரின் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால் அது இழுக்கக்கூடியது கூடிப் போனால் 12 வொட். 10 வொட் என்று வைத்தாலும் மாதத்துக்கு 7.2 யூனிட். படம் பார்த்த மாதமும், ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டி வைத்த மாதமும் அந்த எண் பெரிதாக மாறாது.

அப்படியானால் கம்பனிக்குச் செலவே இல்லையா? இருக்கிறது. குழாயின் அகலத்துக்குச் செலவு, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு டேட்டா ஓடலாம் என்பதற்கு. கல்கிசையிலும் மாத்தறையிலும் கரையேறும் கடலடிக் கேபிள்கள், பரிமாற்று நிலையங்கள், பிறகு உங்கள் ஒழுங்கைக்கு வரும் பைபர். ஜிபொன் எனப்படும் வழக்கமான வீட்டு பைபர் முறையில் ஒரு இழையின் வேகத்தை, நொடிக்கு 2.5 கிகாபிட்டை, 32 அல்லது 64 வீடுகள் பங்கு போடுகின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் வருவது இரவு 7 முதல் 11 வரை. அந்த நெரிசலுக்கு ஏற்றபடிதான் எல்லாவற்றையும் கட்ட வேண்டியிருக்கிறது.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தயவுசெய்து இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

[திரையில்: இரவில் ஏறி, காலையில் இறங்கும் வரைபடம்]

உங்களுக்கு ஜிபி கணக்கில் விற்கும் கம்பனி, வெளிநாட்டு இணைப்பை மொத்தமாக வாங்கும்போது பெரும்பாலும் ஜிபி கணக்கில் வாங்குவதில்லை. வேகத்தின் கணக்கில் வாங்குகிறது. அந்த மொத்தச் சந்தையில் நெடுங்காலமாக வழங்கும் முறைக்கு 95 சதவீதப் புள்ளி என்று பெயர். 5 நிமிடத்துக்கு ஒரு தடவை வேகத்தை அளப்பார்கள். மணிக்கு 12, நாளுக்கு 288, 30 நாளுக்கு 8640 அளவுகள். எல்லாவற்றையும் பெரியதில் இருந்து சிறியதுக்கு வரிசைப்படுத்தி, மேலே உள்ள 5 சதவீதத்தை, அதாவது 432 அளவுகளை, வெட்டி எறிவார்கள். 432 ஐந்து நிமிடங்கள் என்றால் சரியாக 36 மணி நேரம். 433ஆவது இடத்தில் என்ன வேகம் நிற்கிறதோ, அந்த வேகத்துக்குத்தான் பில்.

மாதத்தில் மிக உச்சமான 36 மணி நேரம் இலவசம்! ஆனால் கம்பனிக்கு அது தப்பும் வழி ஆகாது. இரவு நெரிசல் நாளுக்கு 4 மணி நேரம், மாதத்துக்கு 120 மணி நேரம். 36 போனாலும் 84 மணி நேரம் மிச்சம். ஆக பில்லைத் தீர்மானிப்பது இரவு நெரிசல்தான். விடியற்காலை 3 மணிக்கு எவ்வளவு இறக்கினாலும், அது இரவு நெரிசலைத் தாண்டாத வரை அந்த 433ஆவது எண் அசையாது.

இதை ஒரே ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். முதல் வீடு தினமும் இரவு 8 மணிக்கு ஒரு மணி நேரம் எச்டியில் படம் பார்க்கிறது. மணிக்கு 3 ஜிபி, மாதம் 90 ஜிபி. இரண்டாவது வீடு விடிய 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் கேம்களும் அப்டேட்களுமாக 300 ஜிபி இறக்குகிறது. ஜிபி மீற்றர் பூட்டினால் இரண்டாவது வீட்டுக்கு மூன்று மடங்குக்கு மேல் பில். உண்மையில் கம்பனியின் செலவைக் கூட்டியது முதல் வீடு! 100ஆம் இலக்க பஸ்ஸை நினையுங்கள்: பின்னேரம் புட்போர்டில் தொங்கும் கூட்டத்துக்காகத்தான் இன்னொரு பஸ் வாங்க வேண்டும், கடைசி பஸ்ஸின் காலி ஆசனத்தில் ஒருவர் ஏறியதற்காக யாரும் வாங்குவதில்லை.

மொபைல் டேட்டா கொஞ்சம் வேறு. அங்கே அலைவரிசையே அளவானது, ஜிபி விலைக்கு ஓரளவு நியாயம் உண்டு.

வெளிநாட்டில் என்ன நடந்தது? 2011இல் கனடாவில் பாவனைக்கேற்ற கட்டணத்துக்கு எதிராக இலட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2014இல் ஹங்கேரி ஒரு ஜிபிக்கு 150 ஃபோரிண்ட் வரி என்றது. புடாபெஸ்ட் வீதிகளில் மக்கள் இறங்க, அந்த மாதமே கைவிட்டது.

இன்னொரு பெரிய சிக்கல்: மீற்றர் யாருடைய கையில்? மின்சார மீற்றரை நீங்களே சோதிக்கலாம். அதன் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 1600 என்று இருந்தால், வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 2000 வொட் கேத்தலை மட்டும் 3 நிமிடம் போடுங்கள். 160 சிமிட்டல் வர வேண்டும். இன்டர்நெட் மீற்றரோ கம்பனியின் சேர்வரில் இருக்கிறது. அதில் ஒரு ஜிபி என்பது 1000 கணக்கா (1000×1000×1000 பைட்), 1024 கணக்கா (1024×1024×1024 பைட்)? வித்தியாசம் 7.4 சதவீதம். 1500 பைட் பொதியில் 40 பைட் வெறும் முகவரித் தலைப்பு. அதுவும் உங்கள் தலையில்தான். சுவிட்சைப் போடாமல் மின்சாரம் ஓடாது. ஆனால் கேட்காமலே ஓடும் விளம்பர வீடியோவும் நடுநிசி அப்டேட்டும் உங்கள் ஜிபியைத் தின்னும்.

அம்மம்மாவுக்கு என்ன வழி? வேகத்துக்கு விலை வையுங்கள். 5 மெகாபிட், அளவில்லாதது, மலிவானது. வீடியோ கோலுக்கு அது தாராளம். பக்கத்து வீட்டு நாலு திரைக்கு 100 மெகாபிட் வேண்டும், அவர்கள் அதற்கான விலையைக் கொடுக்கட்டும். மாதம் 20ஆம் திகதி டேட்டா முடிந்து, பிள்ளையின் சூம் வகுப்பு பாதியில் நிற்கும் நிலை யாருக்கும் வராது.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். வைபையில் உள்ள எல்லாவற்றையும் துண்டித்து, ஒரு கணினியை மட்டும் கேபிளில் இணையுங்கள். அதன் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்துங்கள். கம்பனி அப்பில் தெரியும் எண்ணைக் குறித்துவிட்டு, 1000 கணக்கில் 5 ஜிபி உள்ள ஒரு பைலை இறக்குங்கள். அப்பில் எண் ஏறத் தாமதமாகலாம், சில மணி நேரம் பொறுங்கள். 5.1க்குக் கிட்ட ஏறியிருந்தால் 1000 கணக்கு. 4.8க்குக் கிட்ட என்றால் 1024 கணக்கு. 6ஐத் தாண்டினால் வைபை கடவுச்சொல்லை மாற்றி மறுபடி செய்யுங்கள். அப்போதும் 6 என்றால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, கம்பனியிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். உங்களுக்கு வந்த எண்ணைக் கீழே போடுங்கள், எத்தனை வீட்டில் எந்தக் கணக்கு என்று சேர்த்துப் பார்ப்போம்.