பட்டறையில் வளர்ந்தவன் பயிற்சிப் பள்ளிக்காகப் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, மண்டபம் ஊர்க் கடற்கரையில் கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

வண்டி பழுதுபார்க்கும் தொழிலில் நிலைக்கப் பணம் செலவழித்துப் படிக்கும் பயிற்சிப் பள்ளி வேண்டுமா, பட்டறை அனுபவமே போதுமா என்பது இன்றைய தலைப்பு. பள்ளி வேண்டும், அதற்கு ஆகும் செலவு தகும் என்று பேச வந்திருக்கிறேன். நான் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் படித்தவன் இல்லை. 15 வயதில் தங்கச்சிமடத்தில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். 22 ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. அதனாலேயே இந்த அணியில் இடம் கேட்டு வாங்கினேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கணக்கை வைத்தார். நாளைக்கு 300 ரூபாய் பேட்டா என்றால் மாதம் 26 நாளுக்கு 7,800 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு 1,87,200 ரூபாய். பள்ளிக்குப் போகிறவன் இதையும் இழந்து, கட்டணத்தையும் கட்டி, கடைசியில் ஒரு காகிதத்தோடு வருகிறான் என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றும் முடித்தார்.

அந்தக் கணக்கின் வலி எனக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதும், பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று வீட்டில் பேச்சு எழுவதும் அந்த நாட்களில்தான். கையில் காசு இல்லாத நேரத்தில்தான் நம் வீடுகளில் படிப்பைப் பற்றிய முடிவு எடுக்கப்படுகிறது. ஆகவே செலவைப் பற்றி இங்கே யாரும் இலேசாகப் பேசிவிட முடியாது.

ஆனால் அண்ணன் இரண்டு செய்திகளை விட்டுவிட்டார். பயிற்சிப் பள்ளி என்றாலே லட்சம் ரூபாய் என்று நினைக்க வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. என்று சொல்லும் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, பாடநூல், மிதிவண்டி, பேருந்துச் சலுகை என்று அரசே தருகிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டு, டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டு. நம் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே பரமக்குடியில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது.

இரண்டாவது செய்தி, பட்டறைக்கும் கட்டணம் உண்டு என்பது. அதற்கு ரசீது கிடையாது, அவ்வளவுதான். நான் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது மதியச் சாப்பாடும் சனிக்கிழமை கொஞ்சம் பேட்டாவும். முதல் ஆண்டு முழுவதும் டீசல் டின்னில் சாமான்களைக் கழுவினேன். டீ வாங்கி வந்தேன், ஜாக்கி போட்டேன், டயர் கழற்றினேன். இன்ஜினைத் தனியாகத் திறக்க என்னை விட்டது நான்காவது ஆண்டில். என் மேஸ்திரி நல்ல மனிதர். இன்றும் அவர் காலைத் தொட்டுத்தான் வணங்குகிறேன். ஆனால் வாசலில் மூன்று வண்டி காத்து நிற்கும்போது ஒரு பையனை உட்கார வைத்துக் காரணம் சொல்லித் தர அவருக்கு நேரம் ஏது? "கை சொல்லும்டா" என்பார். இன்ஜினின் மேல்மூடியைப் பிடித்திருக்கும் ஹெட் போல்ட்டைக் கையின் கனத்தை வைத்தே இறுக்குவார், நானும் அப்படியே பழகினேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, அந்த இன்ஜினுக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்க வேண்டும் என்பதை நான் தெரிந்துகொண்டது, என் கையால் பூட்டிய ஒரு ஹெட் கேஸ்கெட், அதாவது அந்த மூடிக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு, வழியில் பழுதாகி வண்டி உச்சிப்புளியில் நின்ற பிறகுதான். ஐ.டி.ஐ. மாணவன் இதைப் படிக்கும்போதே பயிற்சி இன்ஜினில் செய்து பார்க்கிறான்.

ஏட்டுச் சுரைக்காய் என்றாரே, அந்தப் பிள்ளைகளின் கையில் முதலில் கொடுக்கப்படுவது ஏடு இல்லை, அரம். இரும்புத் துண்டை ராவி, அளவு பார்த்து, சதுரம் கொண்டுவரச் சொல்வார்கள். வெர்னியர், மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவிகள் கையில் பழகிய பிறகே இன்ஜின் பக்கம் போகிறார்கள்.

இனி நான் மனம் திறந்து சொல்ல வேண்டிய ஒரு நிகழ்ச்சி. சென்ற ஆண்டு பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றும் ஒரு சின்ன லோடு வண்டி என்னிடம் வந்தது. இழுவை இல்லை, பளு ஏறினால் வண்டி திணறியது. வண்டியின் கோளாறை எண்ணாகக் காட்டும் ஸ்கேனர் என்னிடமும் இருக்கிறது. மாட்டினேன், டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரில் கோளாறு என்று ஒரு எண்ணைக் காட்டியது. எண்ணை வாசிக்கத் தெரிந்த எனக்கு அதன் பொருளை வாசிக்கத் தெரியவில்லை. சென்சாரை மாற்றினேன், கோளாறு போகவில்லை. டீசல் பம்பையும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் கழற்றி மதுரைக்கு அனுப்பினேன். அதற்கு ஒரு வாரம் ஆனது, ஓனருக்குப் பெரும் பணம் செலவானது. வண்டி மட்டும் அப்படியே இருந்தது.

அப்போது எங்கள் தெருவில், ஐ.டி.ஐ. முடித்துச் சென்னையில் அப்ரண்டிஸாக இருக்கும் ஒரு தம்பி விடுப்பில் வந்திருந்தான். மல்டிமீட்டரை எடுத்தான். அந்தச் சென்சாருக்கு மூன்று வயர். ஒன்றில் 5 வோல்ட் வர வேண்டும், ஒன்று எர்த், ஒன்று சிக்னல் என்று சொல்லிக்கொண்டே சாக்கெட்டைக் கழற்றி அளந்தான். 5 வோல்ட் வரவில்லை. வயரைத் தொட்டுக்கொண்டே வண்டிக்கு அடியில் போனான். மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு ஐஸ் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் வயர்களை இணைக்கும் ஒரு கப்ளர். அதைப் பிரித்தபோது பின்கள் தெரியவில்லை, பச்சைக் களிம்புதான் தெரிந்தது. சுரண்டித் துடைத்து, அரித்துப்போன பின்னை மாற்றி, தண்ணீர் போகாதபடி கட்டினான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் வாங்கிய கூலியை ஓனரிடம் திருப்பிக் கொடுத்தேன். மதுரையில் செலவான பணத்தைத் திருப்பித் தர என்னால் இயலவில்லை. அதை நினைக்கும்போது இன்றும் உறுத்துகிறது.

நடுவர் அவர்களே, உப்புக்காற்று நம் ஊர் வண்டிகளைத் தின்பது புதிதில்லை. முன்பு அது தகட்டைத் தின்றது, கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது அது வயரைத் தின்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்துவிட்டது. அதற்குப் பிந்திய டீசல் வண்டியில் புகையை வடிகட்டும் அமைப்பும், அதைக் கண்காணிக்கும் சென்சார்களும், எல்லாவற்றையும் ஆளும் ஒரு கணினியும் இருக்கின்றன. காதால் கேட்டு, கையால் தொட்டுக் கண்டுபிடித்த எங்கள் வித்தை அந்தக் கணினியின் வாசலோடு நின்றுவிடுகிறது.

அதைவிட எனக்கு அச்சம் தருவது வேறு. பழைய இன்ஜினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜெக்டர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவோம். எல்லாப் பட்டறையிலும் இதைச் செய்வார்கள், எனக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் அந்தக் குழாய்க்குள் 1,600 பார், சிலவற்றில் 2,000 பார் வரை அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார் மட்டுமே. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு கீறல் என்று அலட்சியமாக இருந்தால் விரலையே எடுக்க வேண்டி வரும். மின்சாரக் காரில் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயரைத் தெரியாமல் தொட்டால் உயிரே போகலாம். இந்தத் தொழிலில் பட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று இனி எந்தப் பையனிடமும் என்னால் சொல்ல முடியாது.

அந்தக் காகிதத்தைப் பற்றியும் ஒரு சொல். என் 22 ஆண்டு அனுபவத்துக்குச் சான்று கேட்டால் நான் யாரைக் காட்டுவேன்? கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது சான்றிதழைத்தான். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வை எழுத மோட்டார் வாகன மெக்கானிக் சான்றிதழ் ஒரு தகுதி. பாம்பன் பாலத்தில் ரயிலைக் கொண்டுபோகும் இருக்கைக்குப் போட்டியிட அந்தக் காகிதம் வேண்டும். என் அனுபவத்தை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாப் பள்ளிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. வாசலில் பெரிய பலகையும் உள்ளே துருப்பிடித்த ஓர் இன்ஜினும் வைத்து ஆயிரக்கணக்கில் வசூலிக்கும் இடங்களும் உண்டு என்று எதிரணி சொன்னது உண்மை. தனியார் பள்ளியாக இருந்தால் பெற்றோர் பணம் கட்டும் முன் உள்ளே நடந்து பார்க்க வேண்டும். ஓர் இன்ஜினைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள், அவர்கள் கையில் எண்ணெய் ஒட்டியிருக்கிறதா, தேசியச் சான்றிதழுக்கான அங்கீகாரம் இருக்கிறதா, படிப்பு முடிந்தபின் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தை அங்கே கட்டக் கூடாது.

என் பட்டறையில் ஒரு பையன் இருக்கிறான். வயது 16, பத்தாம் வகுப்புத் தேறியவன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். நல்ல கை. அவனை இழப்பது எனக்கு நட்டம்தான். இந்த ஆண்டு விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அவனுடைய ஸ்பேனர் பெட்டி என் பட்டறையிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை செய்வான், பேட்டா வாங்கிக்கொள்வான். பேருந்துக்கும் கைச்செலவுக்கும் அது போதும் என்று அவன் அப்பாவிடம் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், அவரும் சம்மதித்திருக்கிறார். தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.