யூரியா மூட்டை மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம். கையில் தேநீர் டம்ளரோடு கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதன் நிறமும் திடமும் ஃபேக்டரியில் மட்டும் வருவதில்லை. பாதி, செடியின் காலடி மண்ணிலேயே முடிவாகிவிடுகிறது. கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குச் சின்னத் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே கற்றதைத்தான் சொல்லப்போகிறேன்.

நெல் அறுத்தால் வைக்கோல் மாட்டுக்குப் போய்ச் சாணமாக வயலுக்குத் திரும்பும். தேயிலையில் பறித்த கொழுந்து மலையை விட்டே இறங்கிவிடுகிறது. 100 கிலோ தூளோடு ஏறத்தாழ 4 கிலோ தழைச்சத்தும், அதாவது நைட்ரஜனும், 2 கிலோ சாம்பல் சத்தும், அதாவது பொட்டாஷும் போய்விடும். போனதைத் திருப்பித் தரவேண்டும், சரி. ஆனால் உரம் என்றாலே யூரியா என்று பழகிவிட்டோம்.

யூரியா தருவது தழைச்சத்து. அதைக் குறை சொல்லவில்லை. தேநீரின் இதமான சுவைக்குக் காரணமான தியானின் என்ற பொருள் வேரில் உருவாகிக் கொழுந்துக்கு ஏறுகிறது. அதற்குத் தழைச்சத்துதான் மூலப்பொருள். அளவு மீறினால்தான் தொல்லை. இலை மளமளவென்று வரும், எடை கூடும், தூளில் திடம் குறையும்.

எங்கள் மேல்காட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருஷம் அங்கே துளிர்கள் குட்டையாக நின்றன. இலைகள் சிறுத்து, ஒரு பக்கமாக வளைந்து, அரிவாள் மாதிரி இருந்தன. அப்பா யூரியா போட்டார். மாற்றமில்லை. இன்னொரு சுற்றும் போட்டார். அப்போதும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்தார். ஒரு கிளையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பசி இல்லை. துத்தநாகக் குறை" என்றார். துத்தநாக சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளித்தோம். அடுத்தடுத்த பறிப்புகளில் துளிர் நீண்டு, இலை விரிந்து வந்தது. இரண்டு சுற்று யூரியாவால் ஆகாததைக் கொஞ்சம் துத்தநாகம் செய்தது! அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்கிறேன்: செடி கேட்பது யூரியாவாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

தாமிரமும் அப்படித்தான். கசக்கிய பச்சை இலையைச் செம்பு நிறமாக மாற்றும் நொதிக்குத் தாமிரம் வேண்டும். ஆப்பிரிக்காவில், இன்றைய மலாவியில், சில தோட்டத்து இலை எவ்வளவு நேரம் வைத்தாலும் அப்படி நிறம் மாறிச் சரியாகப் புளிக்கவில்லை. தேடிப் பார்த்தால் தாமிரக் குறை. நம் பக்கம் தேயிலை இலையில் வரும் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து தெளிக்கிறோமே, அதிலேயே செடிக்குக் கொஞ்சம் கிடைத்துவிடுகிறது.

அப்புறம் கவாத்து, அதாவது செடியை வெட்டிக் குட்டையாக்குவது. வெட்டிய தடிக்கட்டைகளை விறகுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இலையையும் சிறு குச்சியையும் தயவுசெய்து கொளுத்தாதீர்கள். சாம்பல் சத்தும் மெக்னீசியமும் அதில் நிறைய இருக்கின்றன. மக்கினால் மண் பொலபொலவென்று ஆகி ஈரத்தைப் பிடித்து வைக்கும். கொளுத்தினால் தழைச்சத்து புகையோடு போகும், மிஞ்சும் சாம்பலைச் சரிவில் மழை அடித்துப் போகும். நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியே நமக்குத் தரும் உரம் அது. அதைக் கொளுத்திவிட்டு மூட்டை வாங்கக் கடைக்கு ஓடுகிறோம்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். புளிப்பு மண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: தேயிலைக்கு மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஹெச் எண் 4.5 முதல் 5.5 வரை இருக்கலாம். வருஷக்கணக்கில் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் போட்டால் அதற்கும் கீழே இறங்கும், புளிப்பு மிஞ்சிவிடும். அப்போது புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத்தூள் தேவைப்படும், பரிசோதித்துப் பார்த்துத்தான். அளவுக்கு மேல் போட்டால் அதே துத்தநாகம் வேருக்குக் கிடைக்காமல் போகும். கவாத்துக்கு முன்பு, தோட்டத்தில் பல இடங்களில் 9 அங்குல ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து பரிசோதனைக்குக் கொடுங்கள். உரம் போட்ட கையோடு எடுக்காதீர்கள், கணக்கு தப்பாக வரும். நன்றி, வணக்கம்.