ரெக்கார்டோட இன்னொரு பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். உங்கள்ல நிறைய பேருக்கு சிஸ்டர் ஜேனட் மீட் பேரு தெரிஞ்சிருக்காது, அந்த ஆதங்கத்துலதான் இன்னிக்கு பேச வந்தேன். ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுக்காரங்க, மெர்சிங்கிற கத்தோலிக்க சபையைச் சேர்ந்த கன்னியாஸ்திரி, ஸ்கூல்ல மியூசிக் டீச்சர்.

அவங்க காலத்தை கொஞ்சம் யோசிச்சு பாருங்க. 1963 வரைக்கும் கத்தோலிக்க கோயில்ல பூசைன்னா லத்தீன்தான், உலக ஆயர்கள் எல்லாம் கூடுன இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் அவங்கவங்க மொழிக்கு கதவை திறந்துவிட்டுச்சு. மொழி வந்தாச்சு, இசையும் வரட்டுமேன்னு சிஸ்டர் நினைச்சாங்க, 70கள் தொடக்கத்துல அடிலெய்டு பேராலயத்துலயே ராக் இசையோட பூசை நடத்துனாங்க, இளைஞர்கள் கூட்டம் கூட்டமா வந்தாங்க.

அப்புறம் 1973ல சிட்னியில ஒரு ரெக்கார்டிங். சின்ன ரெக்கார்டு, ரெண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு பாட்டு. ரெண்டையும் பாடுனது சிஸ்டர்தான். முன்பக்கத்துக்கு ரெக்கார்டு கம்பெனி வேற ஒருத்தர் எழுதுன பாட்டை வச்சுது, பின்பக்கத்துல போனதுதான் கர்த்தர் கற்பித்த ஜெபம், இயேசு சீடர்களுக்கு சொல்லிக்கொடுத்த ஜெபம். ரேடியோக்காரங்க ரெக்கார்டை திருப்பிப் போட்டாங்க பாருங்க, அங்கதான் எல்லாம் மாறுச்சு! 1974 ஏப்ரல்ல அமெரிக்காவோட பில்போர்டு ஹிட் பாட்டு லிஸ்ட்ல நாலாவது இடம், உலகம் பூரா 20 லட்சத்துக்கு மேல வித்துச்சு, கிராமி இசை விருதுக்கும் பக்திப் பாட்டு பிரிவுல நாமினேட் ஆச்சு, அந்த வருஷம் அந்த பிரிவுல ஜெயிச்சது எல்விஸ் பிரெஸ்லி.

அந்த பாட்டை ஒரு தடவை கேளுங்க. கிட்டார் கரகரன்னு உறுமும், டிரம்ஸ் கூடவே ஓடும், ஆனா சிஸ்டர் குரல்ல அலட்டலே இருக்காது, கிளாஸ்ல பிள்ளைங்களுக்கு சொல்லிக்கொடுக்குற மாதிரி தெளிவா, நேரா இருக்கும். சின்ன வயசுலேர்ந்து வாய் பழக்கத்துல சொல்லிட்டுப் போற ஜெபம்தான், "எங்கள் அனுதின உணவை இன்று எங்களுக்குத் தாரும்"ங்கிற வரி அந்த தாளத்துல வரும்போது ஏதோ இப்பதான் முதல் தடவையா கேக்குற மாதிரி எனக்கு இருந்துச்சு. இதை கோயிலுக்கு ஆகாதுன்னு சொல்றவங்க மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா அவங்க சொல்றதை என்னால ஒத்துக்க முடியல.

இதுக்கு பத்து வருஷம் முன்னாடி பெல்ஜியத்துல இன்னொரு பாடும் கன்னியாஸ்திரி இருந்தாங்க, ஜானின் டெக்கர்ஸ். 1963ல அவங்க பாட்டுக்கு அமெரிக்காவுல முதலிடம். பாட்டுக்கு வந்த பணம் மடத்துக்கும் கம்பெனிக்கும் போச்சு, மடத்தை விட்டு வெளிய வந்தப்புறம் வரி பாக்கி கட்டுன்னு அரசாங்கம் அவங்க கழுத்தை நெரிச்சுது, 1985ல அவங்களே உயிரை விட்டுட்டாங்க. இதை சொல்லும்போது இன்னமும் மனசு கனக்குது.

ஜேனட் மீட் வேற வழியில போனாங்க. வந்த பணத்தை தர்மத்துக்கு கொடுத்தாங்க, புகழ் வந்த அந்த காலம் தனக்கு கொடுமையா இருந்துச்சுன்னு பின்னாடி மனசு விட்டு சொன்னாங்க. திரும்பவும் அடிலெய்டு, திரும்பவும் ஸ்கூல், அப்புறம் வீடு வாசல் இல்லாதவங்களுக்கான வேலை. 2022 ஜனவரி 26ல, 84 வயசுல, அதே அடிலெய்டுல கண்ணை மூடுனாங்க.

அந்த பாட்டை இப்ப போடச் சொல்லியிருக்கேன், கேப்போம்.