பர்லிங்கேம்: தூதரே பெரியவர்

நடுவர் அவர்களே, வணக்கம். அமெரிக்கரான அன்சன் பர்லிங்கேமின் பெயர் நிலைத்தது அரசியலாலா, தூதுப் பணியாலா? அரசியலால்தான் என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். அவர் கையிலிருந்த துருப்புச்சீட்டு ஒரு சண்டைக் கதை. அதுவும் நடக்காத சண்டை!

கதை நல்ல கதைதான். 1856-ல் அமெரிக்க செனட் சபைக்குள்ளேயே, அடிமை முறையை எதிர்த்த வடக்கத்திய செனட்டர் சார்லஸ் சம்னரைக் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார் அதை ஆதரித்த தெற்கத்திய உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ். வடக்கு மாநிலமான மாசசூசெட்ஸின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பர்லிங்கேம் அவையில் அதைக் கடுமையாகக் கண்டித்தார். நேருக்கு நேர் மோத அழைத்தார் புரூக்ஸ். சரி, ரைபிளோடு நயாகராவின் கனடா பக்கம் வா என்றார் இவர். எதிரிகளான வடக்கத்தியரின் ஊர் வழியே எப்படிப் போவது என்று புரூக்ஸ் நழுவிவிட்டார். கை தட்டலாம். அப்புறம்? 1860 தேர்தலில் பர்லிங்கேம் தோற்றாரே, அதை ஏன் எதிரணி விழுங்கிவிட்டது?

லிங்கன் அவரை ஆஸ்திரியாவுக்குத் தூதராக நியமித்தார். தன் ஆட்சியின் கீழிருந்த ஹங்கேரியின் விடுதலைக்குப் பரிந்து பேசியவர் வேண்டாம் என்றது ஆஸ்திரிய அரசு. அதனால் கிடைத்ததுதான் சீனா. பிரிட்டன், பிரான்ஸ் படைகள் பீக்கிங்கின் (இன்றைய பெய்ஜிங்) கோடை அரண்மனையைக் கொளுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. பீரங்கியை விட்டுப் பேசித் தீர்ப்போம் என்று மற்ற நாட்டுத் தூதர்களையும் அங்கே இணங்க வைத்தார். 1867-ல் பதவியை விட்டுக் கிளம்பியவரை, எங்கள் தூதராக மற்ற நாடுகளுக்குப் போங்கள் என்று கேட்டது சீன அரசு! பெண் வீட்டுக்காகப் பேச வந்தவரை மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பக்கம் பேசச் சொன்னது போல.

1868 ஜூலையில் வாஷிங்டனில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் உடன்படிக்கை. சீனத் தரப்பில் இவர் கையெழுத்து. சீனர் அமெரிக்காவில் குடியேறலாம். சீனாவுக்குள் ரயிலும் தந்தியும் எப்போது வரவேண்டும் என்பதைச் சீனப் பேரரசரே முடிவு செய்வார்.

1882-ல் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்கு வரத் தடைச் சட்டம் வந்து எல்லாம் போனதே என்கிறார்கள். அந்தச் சட்டம் போட்டவர்கள் யார்? அரசியல்வாதிகள்தானே!

1870-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், சீனாவின் தூதராகவே பர்லிங்கேம் இறந்தார். அவர் போய் ஒன்பது ஆண்டுக்குப் பிறகு, அமெரிக்கா வரும் கப்பலுக்கு 15 சீனருக்கு மேல் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மசோதா நிறைவேற்றியது. அதிபர் ஹேஸ் அதை நிராகரித்தார். பர்லிங்கேமின் 1868 உடன்படிக்கைக்கு முரண் என்பதே அவர் சொன்ன காரணம். 1880-ல் அந்த உடன்படிக்கையைத் திருத்திய பிறகுதான் தடைச் சட்டத்துக்கே வழி பிறந்தது. புரூக்ஸுக்கு விட்ட சவால் எந்த மசோதாவைத் தடுத்தது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் வந்து சொல்லட்டும், நடுவர் அவர்களே.