வெட்டு விழுந்தா உடனே "கஞ்சாவா?"ன்னு கேக்கோமே, ஏன்?

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கியளா? இன்னைக்கு எங்கயும் சுத்திக் காட்டல. உக்காந்து பேச வேண்டிய விஷயம், அதான் கேமராவ வீட்டுலயே வச்சிட்டேன்.

நம்ம திருநவேலி பக்கம் எங்கன வெட்டுக்குத்து நடந்தாலும் டீக்கடையில முதல்ல வர்ற கேள்வி என்ன? "பயலுவ கஞ்சா அடிச்சிருந்தானுவளா?" ஒருத்தர் ஆமான்னு சொல்லிட்டாப் போதும், பேச்சு அதோட முடிஞ்சிரும். "விக்கிறவன நடுரோட்டுல வச்சு சுடணும்"னு சொல்லிட்டு அவிய அவிய சோலியப் பாக்கப் போயிருவாவ.

எனக்கு கஞ்சா மேல ஒரு பரிவும் கிடையாது, அத முதல்லயே சொல்லிருதேன். பள்ளிக்கூடத்து வாசல்ல பொட்டலம் விக்கிறவன் உள்ளதான் போவணும். ஆனா அந்த ஒரு பதில்ல நாம எத மூடி வைக்கோம்னு பாருங்க.

2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. வீட்டுக்குள்ள பூந்து ஒரு மாணவன அருவாளால வெட்டுனது கூடப் படிச்ச பயலுவ. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அங்க காரணம் கஞ்சா இல்ல, சாதி. அதுக்கப்புறம்தான் அரசு நீதிபதி சந்துருவ ஒருநபர் குழுவாப் போட்டுச்சு. 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. பயலுவ கையில கட்டுற கலர் கயிறு, நெத்தியில வைக்கிற அடையாளம், பள்ளிக்கூடத்துப் பேருல ஒட்டிக்கிட்டிருக்கிற சாதி, எல்லாத்தையும் எடுக்கணும்னு அதுல இருக்கு. அதே வருசம் டிசம்பர்ல பாளையங்கோட்டையில கோர்ட்டு வாசல்லயே, பட்டப்பகல்ல, ஒருத்தர வெட்டிக் கொன்னாவ. பழைய கொலைக்குப் பழின்னு சொன்னாவ. பழி வாங்கணும்னு வருசக்கணக்கா நெஞ்சுல வச்சிருக்கிறவனுக்கு போதை ஒரு தைரியத்த வேணா குடுக்கும். அந்தப் பழிய அவனுக்குச் சொல்லிக் குடுத்து வளத்தது யாரு?

நம்ம ஊர்ல பொட்டலத்தோட மாட்டுன பய வீட்டுக்கு என்ன நடக்குன்னு பாத்திருக்கேன். வாடகை வீட்ட காலி பண்ணச் சொல்லிருவாவ, அக்காவுக்கு வந்த சம்பந்தம் நின்னு போவும். கொலைக்கேசுல ஜாமீன்ல வந்தவனுக்கு? மாலை போடுதாவ, ஃபிளக்ஸ் வைக்காவ, அருவாளத் தூக்கிப் பிடிச்ச ரீல்ஸுக்கு சொந்தக்காரப் பயலுவளே பாட்டுப் போட்டு விடுதானுவ. அந்த வீட்டுல பொண்ணு எடுக்க யாரும் யோசிக்கிறதில்ல. உசுர எடுத்தவன் கெத்து, ஊதுனவன் ஈனப்பய. இந்த தராசு எனக்கு சுத்தமாப் புரியல மக்களே, பயமா இருக்கு.

அடுத்து, மாவுக்கட்டு. பிடிபட்ட பய கையில மாவுக்கட்டோட ஒரு போட்டோ வரும், தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்தான்னு சொல்லுவாவ, நாம கை தட்டுவோம். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பாவும் மவனும் போலீஸ் காவல்ல அடிபட்டு செத்தாவளே, அன்னைக்கு கடையடைச்சது யாரு? நாமதான். ஊரடங்கு நேரத்துல செல்போன் கடைய அடைக்கலன்னு பிடிச்சிட்டுப் போனாவ. அன்னைக்கு தப்புன்னு தெரிஞ்சது, அடிபடுறவன் கஞ்சாப் பயன்னா சரியாயிருமா? அவன உள்ள வைக்க சட்டம் பத்தாதா? 1985ல வந்த போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா 20 கிலோவுக்கு மேல போனா கொறஞ்சது 10 வருசம், 20 வருசம் வரைக்கும் போவும். அதுபோக குண்டர் சட்டத்துல போதைப்பொருள் குற்றவாளின்னு தனியா ஒரு வகையே இருக்கு, ஒரு வருசம் வரைக்கும் உள்ள வைக்கலாம். ஆந்திரா, ஒடிசா மலையில இருந்து மூட்டையாக் கெளம்புற சரக்கு ரயில்லயும் லாரியிலயும் இவ்வளவு தூரம் வந்து சேருதுல்லா, அந்த வழியப் பிடிக்கிறதுக்குத்தான் இந்தச் சட்டம். தெருமுக்குல பொட்டலத்தோட நிக்கிற பய கைய ஒடிச்சா, மறுநாள் அதே இடத்துல வேற பய நிப்பான்.

இப்ப காலேஜ் தம்பிங்க ஒரு கேள்வி கேக்காவ. "அண்ணே, டாஸ்மாக் இருக்குல்லா, கஞ்சாவையும் சட்டப்படி வித்துட்டா கள்ளக் கூட்டம் தானாப் போயிரும்லா?" நியாயமான கேள்விதான். டாஸ்மாக் 2003ல இருந்து சில்லறைக்கு விக்கி. அப்படியிருந்தும் 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயத்தக் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாவ. அரசுக் கடை இருந்தும் சீப்பாக் கிடைக்கிற எடத்தத் தேடித்தான் அன்றாடக் கூலிக்காரன் போறான். டாஸ்மாக்குல குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய அடிக்கிறத நாம வன்முறைக் கணக்குலயே சேக்கல, அது இன்னொரு கொடுமை. தாய்லாந்துல 2022ல கஞ்சாவத் தொறந்து விட்டாவ, 2025ல டாக்டர் சீட்டு வேணும்னு திரும்ப இறுக்கிட்டாவ. கனடாவுல 2018ல இருந்து லைசென்ஸ் கடையில விக்காவ. அங்க உள்ள கண்காணிப்பு வேற, நம்ம ஊர்ல மெடிக்கல்ல சீட்டு இல்லாம வலி மாத்திரை வாங்குத பயலுவள நெனச்சுப் பாருங்க. அதனால கடை தொறக்கிறது எனக்கு ஒப்பாது.

எல்லாரும் போர்ச்சுகலச் சொல்லுவாவ. அங்க சட்டப்படி விக்கிறதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். அப்படி இல்ல. 2001ல இருந்து, பத்து நாளைக்குத் தேவையான அளவுக்குள்ள கையில வச்சிருந்தா அது கிரிமினல் கேசு இல்ல, அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் பதிலா ஒரு குழு முன்னாடி உக்கார வச்சு, தேவைப்பட்டா சிகிச்சைக்கு அனுப்புவாவ. விக்கிறவனுக்கு அங்கயும் ஜெயில்தான். எனக்கு சரின்னு படுறது இப்படி ஆளப் பிரிச்சுப் பாக்கிறதுதான். விக்கிறவன் வேற, வெட்டுறவன் வேற, அடிமையாக் கெடக்கிறவன் வேற. மூணு பேருக்கும் சேத்து ஒரே தண்டனை கேக்கக் கூடாது.

இதச் சொல்லக் காரணம் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, மவன் ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு தனக்குத்தானே பேசுதான்னு தெரிஞ்சும், ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவல. "போலீசுக்குத் தெரிஞ்சா கேசாயிரும் தம்பி, ஊருக்குத் தெரிஞ்சா மவளுக்கு மாப்பிள்ள வராது"ன்னாவ. வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சிருந்தாவ.

அந்த அம்மா மாதிரி இருக்கிற எல்லாருக்கும் சொல்லுதேன். முன்ன சொன்ன அந்த 1985 போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. போதைக்கு அடிமையானவன் தானா முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலயோ அரசு அங்கீகாரம் உள்ள எடத்துலயோ சிகிச்சை எடுத்தா, பயன்படுத்துனதுக்கும் சிறிய அளவு வச்சிருந்ததுக்கும் அவன் மேல வழக்கு நடத்த முடியாது. பாதியில விட்டுட்டு ஓடிட்டா அந்தப் பாதுகாப்பு போயிரலாம், அதனால கூட இருந்து முழுசா முடிக்க வைங்க. எங்க போவணும்னு தெரியலன்னா 14446க்கு அடிங்க, காசு கிடையாது. விக்கிறவனப் பத்திச் சொல்லணும்னா அதுக்கு நம்பர் வேற, 10581.

ரெண்டையும் கீழ எழுதிப் போட்டிருக்கேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க தெரு குரூப்புல போடுங்க. வாரேன் மக்களே.