மேடம், பார்சலா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கொடுத்திருப்பது ஏழே நிமிஷம், அதனால் மீதி வணக்கத்தைக் கிளம்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

அலுவலக அறிமுகங்கள் பதவி உயர்வுக்கு அதிகம் கைகொடுப்பது ஆணுக்கா, பெண்ணுக்கா? எதிரணித் தம்பி 'பெண்ணுக்கே' என்றார். ஆதாரம் என்ன? "என் மனைவி போனை எடுத்தால் இரண்டு மணி நேரம். இதைவிடப் பெரிய தொடர்பு உண்டா?" நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி, அவர் யாரிடம் பேசுகிறார்? அம்மாவிடம், அக்காவிடம், உங்கள் அம்மாவின் மூட்டுவலியைப் பற்றி உங்கள் தங்கையிடம். இதில் யார் அவரை மேனேஜர் ஆக்குவார்? 1973-லேயே மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் எழுதிவிட்டார்: புது வேலைச் செய்தி நெருங்கியவர்களைவிட, எப்போதாவது பார்க்கிற அரைகுறைப் பழக்கக்காரர்களிடமிருந்துதான் அதிகம் வரும். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதானே தெரியும்! சரி, அந்த அரைகுறைப் பழக்கம் எங்கே கிடைக்கும்? டீக்கடையில்.

எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒன்று இருந்தது. ஒருமுறை தலைமை அலுவலகத்தில் ஒரு பதவிக்கு ஆள் எடுத்தார்கள். சுற்றறிக்கை என் மேஜைக்கு வந்த அன்றுதான் கடைசித் தேதி. பக்கத்து சீட்காரர் பத்து நாள் முன்பே மனுப் போட்டிருந்தார். "எப்படி சார் தெரியும்?" "டீ குடிக்கும்போது சொன்னாங்க மேடம்."

நாமும் குடிப்போம் என்று மறுநாள் போனேன். எட்டுப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கப்சிப். ஒருவர் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். நான் என்ன அவர் அப்பாவா? மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "மேடம், பார்சலா?" "இல்லைங்க, இங்கேயே." "பையன்கிட்ட கொடுத்து அனுப்பறேன், நீங்க சீட்டுக்குப் போங்க." எனக்கு முன்னால் டீ என் சீட்டுக்குப் போய்விட்டது. செய்தி கடையிலேயே நின்றுவிட்டது! இரண்டாம் நாள் போனேன். "மேடம், பார்சலா?" மூன்றாம் நாள் வாயையே திறக்கவில்லை, பார்சல் கட்டித் தயாராக இருந்தது!

எங்கள் தெருவில் மட்டுமா? தொழில் செய்கிறவர்கள் பழகிக்கொள்ளத்தானே 1905-இல் சிகாகோவில் ரோட்டரி சங்கம் தொடங்கினார்கள்? 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 1989-இல்தான் 'ஆண்கள் மட்டும்' என்ற விதியை எடுத்தார்கள். 84 வருஷம் பார்சல்!

போன் என்றீர்களே தம்பி, என் அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச ஆபரேட்டர்தான் லைன் போட்டுத் தரவேண்டிய டிரங்க் கால் காலம். பிறப்போ இறப்போ, ஊருக்கு முதலில் கேட்டது அம்மாவின் குரல்தான். பதவி உயர்வு வந்தது, வெளியூர் போகச் சொன்னார்கள். எனக்கு அப்போது பத்தாம் வகுப்பு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கூட வேலை பார்த்த ஒரு சாரும் வேண்டாம் என்றார். ஆனால் அந்த சார் அப்புறம் யாரையோ பிடித்து உள்ளூரிலேயே வாங்கிக்கொண்டார். அப்படிக் கேட்கலாம் என்பதே அம்மாவுக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக வந்து உட்கார்ந்து சொன்னார்: "ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தேன்டி. எனக்கு யாரைக் கூப்பிடணும்னுதான் தெரியாமப் போச்சு."

மணி அடிக்கிறீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிட்டேன். அம்மா இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். வணக்கம்.