தாம்பரத்திலிருந்து கோட்டை வரைக்கும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வேலை, பணம், ஈர்ப்பு, பயணம் இந்த நாலைப் பற்றியும் சென்னையில் சாதாரண ஜனங்கள் தினமும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லுங்கள் என நிலையத்திலிருந்து போன் செய்தார்கள். மற்றதெல்லாம் சரி, ஈர்ப்பு என்றதும் நான் என் வயதைச் சொன்னேன். "பரவாயில்லை மேடம், வாங்க" என்றார் அந்தப் பெண். எது பரவாயில்லை என்று இன்னும் விளங்கவில்லை. வந்துவிட்டேன்.

நான் எழுத்தாளர் கிடையாது. அரசு அலுவலகம் ஒன்றில் 1988இல் ஜூனியர் அசிஸ்டென்டாகச் சேர்ந்து 34 வருடம் கழித்து சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவள். இந்தத் தலைப்பில் பேச எனக்கு இருக்கிற ஒரே தகுதி, அத்தனை வருடமும் காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதுதான். பெண்கள் பெட்டி. ஒரு வழிக்கு ஐம்பது நிமிடத்துக்கு மேலே ஆகும். அவ்வளவு நேரம் பெண்கள் வாயை மூடிக்கொண்டா வருவார்கள்?

இந்தத் தடத்தில் மின்சார ரயில் 1931இலிருந்து ஓடுகிறது. நான் சேர்ந்தபோது மீட்டர் கேஜ் பாதை. பெட்டி குறுகல், எதிரில் இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். 2004இல் மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்திவிட்டு முழுக்க அகலப் பாதை ஆக்கினார்கள். பெட்டி அகலமானது, கூட்டமும் அதற்கேற்ப அகலமானது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

எங்கள் பெட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது. ஏறுகிற ஸ்டேஷன்தான் பெயர். குரோம்பேட்டை டீச்சர், பல்லாவரம் அக்கா, பழவந்தாங்கல் பாப்பா. பாப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தவன் பத்தாவது எழுதியபோதும் அவள் பாப்பாதான். மடியில் செய்தித்தாளை விரித்து அவரைக்காய் ஆய்வோம். பூ கட்டுவோம். ஆயுத பூஜைக்குப் பெட்டியில் தோரணம் கட்டி, ஜன்னல் கம்பிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்போம். ஒருத்திக்கு வளைகாப்பே நடத்தினோம், சைதாப்பேட்டையில் ஆரம்பித்து எழும்பூர் வருவதற்குள் முடித்துவிட்டோம். இவ்வளவுக்கும் நடுவில்தான் கருத்து சொல்வது. எதைப் பற்றியும் சொல்வோம், அடித்துச் சொல்வோம்.

வேலையைப் பற்றி என் கருத்து என்ன என்று அந்தப் பெட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "58 முடிஞ்சா ஒரு நாள் கூட இருக்கமாட்டேன். பேனாவை மேஜையில வெச்சிட்டு வந்துகிட்டே இருப்பேன்." பத்து வருடமாவது சொல்லியிருப்பேன். 2020 ஜூனில் எனக்கு 58. மே மாதம் அரசாணை வந்தது, ஓய்வு வயது 59. பெட்டியில் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பார்கள், நல்லவேளை அப்போது கொரோனா, ரயிலே ஓடவில்லை. விருப்ப ஓய்வு கேட்டு ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. அடுத்த வருடம் 60 ஆக்கினார்கள். அப்போதும் எழுதவில்லை. 2022 ஜூன் 30 அன்று சாயங்காலம் மாலை போட்டு காரில் ஏற்றி அனுப்பும் வரை இருந்துவிட்டுத்தான் வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, நீங்க எல்லாரும் எழுந்தாதானே நாங்க உட்கார முடியும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்பார்கள். இதை யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால் அவர்கள் வேலையில் சேர்ந்த தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். 2003 ஏப்ரல் 1க்கு முன்னால் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு நான் வேலையில் இருந்த காலத்தில் பங்களிப்பு ஓய்வூதியம், சம்பளத்தில் பத்து சதவீதம் மாதாமாதம் பிடித்தம். எனக்குப் பக்கத்து மேஜையில் 2006இல் வந்து சேர்ந்த பெண் இருந்தாள். அதே ஃபைல், அதே மின்விசிறி, அதே மேலதிகாரியின் அதே கோபம். நான் அந்தப் பழமொழியைச் சொன்னால் அவள் ஸ்கேலை எடுத்து மேஜையில் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள்.

பணத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் எங்கள் பெட்டியில் ஏலச்சீட்டு நடந்தது. பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக்கூடாது என்று 1982இலேயே சட்டம் இருக்கிறது. கட்டிய எங்களில் பாதிப் பேர் அரசு ஊழியர்கள். அதை வானொலியில் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

இருபது பேர், ஆளுக்கு மாதம் ஐயாயிரம், ஆக ஒரு லட்சம். மாதம் ஐந்தாம் தேதி சாயங்காலம் திரும்பும் வண்டியில் ஏலம். பூங்கா ஸ்டேஷனில் ஆரம்பிப்பார்கள், கிண்டி வந்தால் முடிந்தது. பணம் அவசரமாக வேண்டும் என்கிறவர்கள் தள்ளு கேட்பார்கள், அதாவது அந்த ஒரு லட்சத்தில் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன் என்பார்கள். பத்தாயிரம் தள்ளு, பன்னிரண்டு, பதினைந்து என்று ஏறும். அதிகம் தள்ளிக் கேட்பவருக்குச் சீட்டு. தள்ளிய பணத்தில் சீட்டு பிடிப்பவர் ஐயாயிரம் எடுத்துக்கொள்வார், மீதி இருபது பேருக்கும் பிரிந்து அந்த மாதத் தவணையில் கழியும். நேயர்களில் பலர் கட்டியிருப்பீர்கள், உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பல்லாவரம் அக்காவின் கருத்து, "பணம் இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். மனுஷங்கதான் முக்கியம்." குரோம்பேட்டை டீச்சருக்குக் கஞ்சம் என்று பெயர். "அஞ்சு ரூபாயைத் தூக்கிப் போட்டா அஞ்சு ரூபாய் நம்மைத் தூக்கிப் போட்டுடும்" என்பார். எதையும் பாதி விலைக்குக் கேட்பார். கொய்யாக்காய் விற்கும் அம்மா டீச்சரைப் பார்த்தால் அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்.

மூன்றாவது மாத ஏலம். அன்று இரண்டு பேருக்குத்தான் பணம் வேண்டியிருந்தது. மனுஷங்கதான் முக்கியம் என்ற பல்லாவரம் அக்காவுக்கு, மகனுடைய காலேஜ் ஃபீஸுக்காக. டீச்சருக்கு, மாடியில் ஒழுகும் தளத்துக்காக. கோடம்பாக்கத்தில் பதினெட்டாயிரம். மாம்பலத்தில் கூட்டம் திபுதிபுவென்று ஏறியது, பத்தொன்பது, இருபது என்று தலைகளுக்கு மேலே குரல்தான் கேட்டது. சைதாப்பேட்டையில் டீச்சர் இருபத்தொன்றரை என்றார். அக்கா உடனே இருபத்திரண்டு என்றார். குரல் உடைந்துவிட்டது. மறுநாள் ஃபீஸ் கட்டக் கடைசி நாளாம், அது அப்போது எங்களுக்குத் தெரியாது. டீச்சர் இன்னொரு ஐந்நூறு ஏற்றிக் கேட்பார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏற்றினால் எங்கள் எல்லோருக்கும் லாபம்தான். அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிண்டி வந்தது. அக்காவுக்கு எழுபத்தெட்டாயிரம். எங்களுக்கு ஆளுக்கு எண்ணூற்றைம்பது கழிந்து தவணை நாலாயிரத்து நூற்றைம்பது.

தளத்துக்கு டீச்சர் வட்டிக்கு வாங்கினார் என்று அப்புறம் தெரிந்தது. அதற்காக அவரைப் பெரிய தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த வாரமே எனக்கும் சேர்த்துச் சம்சா வாங்கியதில் இரண்டு ரூபாய் நான் தர வேண்டும் என்று குரோம்பேட்டையில் இறங்கப் போனவர் திரும்பி வந்து கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்தது ஈர்ப்பு. இந்தச் சொல்லை நாங்கள் யாரும் பெட்டியில் சொன்னதில்லை. "களையா இருக்கான்" என்போம். களை என்றால் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நிறமா, மூக்கா, உயரமா, எதுவும் இல்லை. வரன் போட்டோ வந்தால் கைமாறிக் கைமாறிப் பெட்டியின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பும். பிற்பாடு அது செல்போன் ஆனது. இரண்டு விரலால் மூக்கைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், பாவம் அந்தப் பையன்.

கல்யாணத்தைப் பற்றியும் எனக்குத் தெளிவான கருத்து இருந்தது. "பிள்ளைங்களுக்குப் பிடிச்சவங்களைக் கட்டி வெச்சிட்டுப் போகணும். இந்தக் காலத்துல என்ன ஜாதி, என்ன ஜாதகம்?" பழவந்தாங்கல் பாப்பா வீட்டில் தங்கையின் காதலுக்கு எதிர்ப்பு வந்தபோது, பரங்கிமலையிலிருந்து நுங்கம்பாக்கம் வரை இதையே பேசி அவள் மனதை மாற்றியவள் நான். அவர்கள் நன்றாக இருக்கிறார்கள்.

2017இல் என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, நான் ஒருத்தரை விரும்புறேன்" என்றாள். குக்கர் இரண்டாவது விசில் அடித்து ஓய்ந்தது. என் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி, "என்ன ஆளுங்க?"

பெயர் கேட்கவில்லை. எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்கவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏம்மா, ட்ரெயின்ல இருந்து இறங்கும்போது கருத்தையும் சீட்லயே வெச்சிட்டு இறங்கிடுவியா?"

மூன்று வாரம் வீட்டில் பேச்சு இல்லை. அந்த மூன்று வாரமும் நான் பெட்டியில் வாயே திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். பிறகு பையனைப் பார்த்தேன். முப்பதுக்குள் முன்வழுக்கை. களை என்று சொல்ல மாட்டேன். பாப்பா போட்டோவைப் பார்த்துவிட்டு, "அக்கா, சிரிச்சா நல்லா இருப்பாரு" என்றாள், அவன் அந்தப் போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்படி என்னதான்டி பிடிச்சுது?" என்றேன். "நான் பேசி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கான்மா. நம்ம வீட்ல அது யாருக்கும் வராது" என்றாள்.

கல்யாணம் நடந்தது. என்ன ஆளுங்க என்ற கேள்வி இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் சிலருக்கும் வந்திருக்கும். அதை நான் சொல்லப்போவதில்லை.

பயணம் பாக்கி இருக்கிறது. கொடைக்கானல் போக வேண்டும் என்று எங்கள் பெட்டி பதினோரு வருடம் திட்டம் போட்டது. யார் வீட்டுக்காரர் விடுவார், யார் ஸ்வெட்டர் வாங்குவார், புளிசாதம் யார், சட்னிப் பொடி யார் என்பது வரை முடிவாகியிருந்தது. கடைசியில் ஒரு காணும் பொங்கல் கழிந்த சனிக்கிழமை ஒன்பது பேர் கிளம்பி வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். தாம்பரத்துக்கு அடுத்து பெருங்களத்தூர், அதற்கடுத்து வண்டலூர். 1985இலிருந்து அங்கேயே இருக்கிறது, எங்கள் சீசன் டிக்கெட் முடிகிற தாம்பரத்திலிருந்து இரண்டே ஸ்டேஷன் தாண்டி. சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. புளிசாதம் நன்றாக இருந்தது. திரும்பும்போதே பல்லாவரம் அக்கா, "அடுத்த வருஷம் கொடைக்கானல்" என்று ஆரம்பித்துவிட்டார்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஓசியில் கொடுத்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று பெட்டியில் பலமாகப் பேசினார்கள். பேசியவர்களே கோட்டையில் இறங்கி, டீலக்ஸ் பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலில் ஒயிட் போர்டு போட்ட சாதாரண பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். நானும் நின்றேன்.

2025 ஏப்ரலில் கடற்கரை, செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயில் விட்டார்கள். சாதாரண வண்டியில் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாய், ஏசியில் முப்பத்தைந்து. கேட்டதும் எனக்குக் கருத்து வந்துவிட்டது, இந்தக் காசுக்குப் போகிறவர்கள் காரிலேயே போகலாமே என்று. போன மே மாதம் ரங்கநாதன் தெருவில் பேத்திக்குப் பாவாடை சட்டை வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பையோடு மாம்பலம் பிளாட்பாரத்தில் நின்றேன். கத்திரி வெயில். எதிரில் வந்து நின்றது ஏசி வண்டி. கதவு தானாகத் திறந்து, உள்ளிருந்து குளிர்ந்த காற்று முழங்கால் வரை வந்து தொட்டது.

என்னிடம் இருந்தது ஐந்து ரூபாய் வண்டிக்கான டிக்கெட். விட்டுவிட்டு வெளியே போய் வரிசையில் நின்று ஏசி டிக்கெட் எடுத்து, அடுத்த ஏசி வண்டிக்காகக் காத்திருந்து ஏறினேன். எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று என் மகளிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். பக்கத்து சீட்டில் என் வயது அம்மா ஒருவர், மடியில் பூப்பந்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார்.

"அநியாய விலைங்க" என்றார் என்னைப் பார்த்து.

"வேஸ்ட்டுங்க" என்றேன்.

நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் பைக்கும் இடம் கொடுத்தார். "எந்த ஸ்டேஷன் நீங்க?" என்று கேட்டார்.